ஸ்பித்திக்குப் போகிறவர்கள் கின்னௌர் வழியாகப் போங்கள்

சாளக்கிராமம் வைத்துப் பூசை செய்யும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கல்லைத் தெரியும். கறுப்பாக, உள்ளங்கைக்குள் அடங்குவதாக இருக்கும். ஓரிடத்தில் வாய் திறந்தது போல ஒரு துளை, உள்ளே சக்கரம். நேபாளத்தில் கண்டகி ஆற்றிலிருந்து எடுத்து வருவது. அந்தச் சக்கரம் கடலில் வாழ்ந்து அற்றுப்போன அம்மோனைட் என்ற உயிரின் ஓட்டுத் தடம். கல்லோ, கடலடிச் சேறு இறுகிக் கெட்டியான களிப்பாறை. அந்தப் பாறைப் படிவத்துக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் ‘ஸ்பித்தி ஷேல்’. கண்டகிக் கரைப் பாறைக்கு, அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் மேற்கே இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் ஒரு பள்ளத்தாக்கின் பெயர்.

அந்தப் பள்ளத்தாக்குக்கு முதல் முறை போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பனிமலை பார்க்கத்தான் ஆசை என்றால் அதற்கு இமயத்தில் எத்தனையோ இடங்கள் உண்டு. ஸ்பித்தி வேறு. பசுமை இல்லை, காடு இல்லை, மழையும் அநேகமாக இல்லை. தெற்கே நிற்கும் மலைத்தொடர் பருவமழையை மறித்துவிடுவதால் மண்மூடாமல், செடி மறைக்காமல் பாறை அப்படியே தெரிகிறது. டெத்திஸ் என்று பெயரிடப்பட்ட பழங்கடலின் அடித்தளம், இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியதில் மடிந்து, உயர்ந்து, இன்று 4,000 மீட்டருக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது.

எந்த வாசல்

ஸ்பித்திக்கு இரண்டு வாசல்கள். மணாலியிலிருந்து அடல் சுரங்கம் வழியாகப் போய், பட்டால் தாண்டி, குன்சும் கணவாய் ஏறி இறங்குவது ஒன்று. ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒரே நாளில் ஸ்பித்தியின் தலைமை ஊரான காஜாவில் நிற்கலாம். சிம்லாவிலிருந்து சட்லஜ் ஆற்றைப் பிடித்துக்கொண்டு கின்னௌர் மாவட்டத்தைக் கடந்து போவது மற்றது. 400 கிலோமீட்டருக்கு மேல். நிதானமாகப் போனால் நான்கு நாள்.

முதல் முறை நான் குறுக்குவழியில்தான் போனேன். விடியுமுன் மணாலியில் வண்டி ஏறி, பகலில் 4,550 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து, இரவு காஜாவில் படுத்தபோது, ஈரத்துணியைப் பிழிவது போல யாரோ என் தலையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அடுத்த இரண்டு நாள் நான் பார்த்த ஸ்பித்தி, விடுதி அறையின் ஜன்னலுக்கு எதிரே இருந்த ஒரு மண்சுவர். பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் முறை கின்னௌர் வழியாகப் போனேன். உயரம் படிப்படியாகக் கூடுவதால் உடம்பு பழகிவிட்டது. அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது, கற்கள் கதையை வரிசையாகச் சொல்லத் தொடங்கியதுதான். மணாலி வழியில் நுழைவது, ஒரு கதையை நடுப்பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு பாத்திரங்களின் பெயர் புரியாமல் விழிப்பது மாதிரி. ஆகவே கின்னௌர் வழியாக உள்ளே, குன்சும் வழியாக வெளியே. மறுபக்கமாகச் சுற்றச் சொல்லி யார் மலிவாகத் திட்டம் கொடுத்தாலும் ஏற்காதீர்கள்.

எந்த மாதம்

செப்டம்பர். முடிந்தால் முதல் மூன்று வாரம்.

குன்சும் வழி பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பித்திக்குள் வானம் தெளிவாக இருக்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேரும் கின்னௌர்ச் சாலை பருவமழைக்குள் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் நிகுல்சாரி அருகே மலைச்சரிவு ஒரு அரசுப் பேருந்தையும் மற்ற வண்டிகளையும் புதைத்ததில் பலர் இறந்தார்கள். மழை நாளில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டக்கூடாது, ஓட்டச் சொல்லி ஓட்டுநரை நெருக்கவும் கூடாது. செப்டம்பரில் மழை ஓய்ந்துவிடுகிறது, ஆறு கலங்கல் இறங்கி நீலமாகிறது, கின்னௌரில் ஆப்பிள் பறிப்பு தொடங்குகிறது, மேலே பார்லி அறுவடை. ஒளியும் சாய்வாக விழுவதால் பாறை அடுக்குகள் கோடு கோடாக எழுந்து நிற்கும்.

குளிர்காலத்தில் போவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பாறை பார்க்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். பனி எல்லாவற்றையும் மூடிவிடும்.

கிளம்புமுன்

சென்னையிலிருந்து சண்டிகருக்கு ரயிலோ விமானமோ. அங்கிருந்து சிம்லாவுக்குப் பஸ். கால்கா வரை ரயிலில் போய் மலைரயிலில் சிம்லா ஏறலாம், நேரம் இருந்தால். சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவுக்கும், அங்கிருந்து காஜாவுக்கும் அரசுப் பேருந்துகள் ஓடுகின்றன. காஜா பஸ் பியோவில் அதிகாலையில் புறப்படும். முதல் நாள் மாலையே நிலையத்தில் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனி வண்டி எடுத்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பாறை பார்ப்பதில் பாதி வேலை வண்டியை நிறுத்தச் சொல்வதுதான்.

இந்தியர்களுக்கு இந்த வழியில் அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆதார் அட்டை போன்ற அடையாளம் போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டும்: திபெத் எல்லையை ஒட்டிப் போகும் கின்னௌர்ப் பகுதிக்கு உள்எல்லை அனுமதி வாங்க வேண்டும். ரெக்காங் பியோவிலோ சிம்லாவிலோ கிடைக்கும்.

பணம் கையில் வேண்டும். காஜாவில் ஏ.டி.எம். உண்டு, அதில் பணம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கம்பளி ஒன்று, காற்றைத் தடுக்கும் மேலங்கி ஒன்று, குளிர்க் கண்ணாடி, உதட்டுக்குத் தடவ ஏதாவது. காற்று அவ்வளவு வறட்சி. மூன்றாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் எட்டிப் பார்த்தால் பதறாதீர்கள். தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வாங்கி எறியாமல், வடிகட்டியுள்ள பாட்டில் ஒன்று கொண்டுபோங்கள். அந்த மலையில் குப்பை மக்காது, யாரும் கீழே இறக்கிக்கொண்டு போவதும் இல்லை. சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் பயணத்தின் மதிப்பு இரண்டு மடங்காகும்.

சட்லஜ் கரையோடு

சிம்லாவிலிருந்து ஒரே மூச்சில் கின்னௌர் மலையூரான கல்பா போய்விடலாம் என்பார்கள். போகலாம், இடுப்பு பேசும். ராம்பூரிலோ சரஹானிலோ ஓர் இரவு தங்கிவிடுங்கள். அடுத்த நாள் கல்பா. அங்கே இரண்டு இரவு.

ராம்பூரைத் தாண்டியபின் ஜன்னலோர இருக்கைக்கு அர்த்தம் வரும். வாங்து அருகே சாலை பாறையைக் குடைந்து போகிறது. சில இடங்களில் பாறையே கூரையாகத் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அது நைஸ் என்ற உருமாறிய பாறை, கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக இருப்பது. ஏறத்தாழ 180 கோடி ஆண்டு வயது. இந்தப் பயணத்தில் நீங்கள் கைவைக்கப் போகும் மிகப் பழைய கல் அதுதான். இமயம் பிறப்பதற்கு வெகு முன்பே பிறந்து, பின்னால் அதற்குள் சிக்கிக்கொண்டது. வண்டி நிற்கும்போது இறங்கித் தொட்டுப் பாருங்கள்; கல் விழும் பகுதி என்று பலகை இருந்தால் இறங்கவே வேண்டாம்.

கல்பாவில் காலையில் எழுந்தால் எதிரே கின்னர் கைலாசம். பியோவைத் தாண்டி அக்பா பக்கம் போகும்போது, அந்த மலையைச் சேர்ந்த கருங்கல்லின் (கிரானைட்) வெளிர்ந்த முகம் சாலையோரத்துக்கு இறங்கி வருகிறது. சுமார் 50 கோடி ஆண்டு. நைஸைத் தொட்டதற்கும் இதைத் தொடுவதற்கும் இடையில் பஸ்ஸில் சில மணி நேரம். கல்கணக்கில் 130 கோடி ஆண்டு.

அதற்கப்பால் மரங்கள் குறைந்து, நின்றே போகின்றன. காப் என்ற இடத்தில் ஸ்பித்தி ஆறு சட்லஜோடு கலக்கிறது. பாலத்தில் நின்றால் இரு பக்கமும் செங்குத்துச் சுவர். கரும்பாறைக்குள் வெண்ணிற நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைப் பாருங்கள். மோதலின் வெப்பத்தில் பாறை உருகி, பிளவுகளுக்குள் பாய்ந்து, அங்கேயே உறைந்த கருங்கல் நரம்புகள் அவை. வயது இரண்டு கோடி ஆண்டுக்குச் சற்று மேல். இந்த மலையின் வாழ்வில் நேற்று நடந்தது. சட்லஜ் திபெத்தில் தொடங்கி, மலை உயர உயர அதை அறுத்துக்கொண்டே வந்த ஆறு. மலைக்கு வழிவிட்டு ஒதுங்காத ஆறு எப்படி இருக்கும் என்பதைக் காப் பாலத்தில்தான் பார்க்க முடியும்.

நாக்கோவில் மதியச் சாப்பாடு, ஏரிக்கரையில் ஒரு நடை. 3,660 மீட்டர். அங்கே தங்க ஆசை வரும்; தங்காதீர்கள். இன்னும் ஓட்டிப் போய்த் தாபோவில் படுங்கள். அது 3,280 மீட்டர்தான். பகலில் உயரம் ஏறி இரவில் இறங்கிப் படுப்பது மலையேறுகிறவர்களின் பழைய வழக்கம்.

சும்தோவைத் தாண்டினால் பள்ளத்தாக்கு திடீரென்று விரிகிறது. சாலையோரம் பாறைக்குப் பதிலாக மஞ்சள் மண்சுவர்கள் வரும். சீராக அடுக்கி வைத்த மெல்லிய மண்பலகைகள் போல. மலைச்சரிவு ஆற்றை மறித்து, ஏரியாகத் தேங்கி, ஏரியில் படிந்த வண்டல் அது. பின்னர் ஆறு அணையை உடைத்துப் போய்விட்டது, வண்டல் நின்றுவிட்டது. சில அடுக்குகள் மட்டும் நெளிந்து சுருண்டு கிடக்கும், மேலும் கீழும் உள்ளவை நேராக இருக்கும். சேறு ஈரமாக இருந்தபோது நிலநடுக்கம் உலுக்கியதன் தடம் அந்த நெளிவு. பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1975 ஜனவரி 19 அன்று 6.8 அளவு நிலநடுக்கம் இதே பகுதியைக் குலுக்கியது. 2005 ஜூனில், திபெத்துக்குள் பரேச்சு ஆற்றில் மலைச்சரிவால் தேங்கிய ஏரி உடைந்து, வெள்ளம் சும்தோ வழியாக இறங்கிச் சட்லஜ் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. ஆற்றோரத்தில் கூடாரம் போடலாமா என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

தாபோ, தன்கர்

தாபோ பௌத்த மடம் கி.பி. 996இல் கட்டப்பட்டது. வெளியே பார்த்தால் பெரிய மண்குவியல்கள். உள்ளே சுவர் முழுக்க ஓவியம். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை, கேட்டும் பார்க்க வேண்டாம். ஓவியத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். அந்தச் சுவர்கள் ஏரி வண்டல் நிறைந்த இந்த மண்ணில் எழுப்பியவை. மழையில்லாத ஊர் என்பதால் மண் ஆயிரம் ஆண்டு நிற்கிறது.

காஜா போகும் வழியில் தன்கருக்கு ஏறுங்கள். ஸ்பித்தியின் முந்தைய தலைநகர். நொறுங்கும் மண்கோபுரங்களின் உச்சியில் மடம் உட்கார்ந்திருக்கிறது. கூழாங்கல்லும் மண்ணும் கலந்த தளர்ந்த படிவை ஓடைகளும் காற்றும் தின்று, தூண் தூணாக விட்டுவைத்திருக்கின்றன. மடத்துக்குக் கீழே உள்ள தூண்களும் அதே மண்தான். ஒரே நேரத்தில் அதிகம் பேரை உள்ளே விடாததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

காஜாவில் முதல் நாள் சும்மா இருங்கள்

காஜா ஏறத்தாழ 3,700 மீட்டர். ஒரு மூச்சில் உங்களுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் சற்றுக் குறைவு. சென்னைக்காரனின் ரத்தம் இதற்குத் தயாராக நாள் ஆகும்.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஓய்வு. கல்பா, தாபோ, காஜா என்ற வரிசை இந்தக் கணக்குக்குள் அழகாக அடங்குகிறது. மணாலி, காஜா என்ற வரிசை அடங்கவே அடங்காது. அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் அவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் முதல் சில இரவுகளுக்குக் கூடாது.

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கலைவது எல்லாம் வரும், போகும். தலைவலி மாத்திரைக்கு அடங்கவில்லை, வாந்தி, நேராக நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது; இரவானாலும் கீழே இறங்க வேண்டும். காஜாவில் மருத்துவமனை உண்டு, ஆக்சிஜனும் கிடைக்கும். ஆனால் அவை இறங்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான். மருந்து என்பது இறங்குவதே.

அந்த முதல் நாளில் சந்தைத் தெருவில் நடந்து, துக்பா என்ற நூடுல்ஸ் சூப் குடித்து, மாலையில் ஆற்றங்கரைக்கு நேரே உட்காருங்கள். அகன்ற கூழாங்கல் படுகையில் ஆறு பத்துப் பதினைந்து இழைகளாகப் பிரிந்து பிரிந்து சேரும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போகும்.

லாங்சா

காஜாவிலிருந்து மேலே ஏறினால் லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்று மூன்று ஊர்கள். லாங்சாவும் ஹிக்கிமும் ஏறத்தாழ 4,400 மீட்டர், கோமிக் 4,587. ஹிக்கிமில் அஞ்சலகம் இருக்கிறது. எல்லோரும் அங்கிருந்து தபால் அட்டை அனுப்புகிறார்கள், நானும் அனுப்பினேன். பெரும்பாலான வண்டிகள் மூன்று ஊரையும் ஒரே காலையில் காட்டி இறக்கிவிடும். நீங்கள் லாங்சாவுக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இங்கே தூங்கவேண்டும் என்றால் காஜாவில் இரண்டு இரவாவது கழிந்திருக்க வேண்டும்.

ஊர் என்றால் சில பத்து வெள்ளைச் சுவர் வீடுகள், பார்லி வயல், பச்சைப் பட்டாணி வயல், பள்ளத்தாக்கை நோக்கி அமர்ந்திருக்கும் பெரிய புத்தர். பின்னால் 6,303 மீட்டர் உயர்ந்த சௌ சௌ காங் நில்தா சிகரம். வீட்டுக்காரர்கள் அறை வாடகைக்கு விடுகிறார்கள். கழிப்பறை பலகையில் ஒரு துளை. முடிந்தபின் மண்ணோ சாம்பலோ தள்ளிவிட வேண்டும். குளிரில் குழாய் உறைந்துபோகும் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. வயலுக்கு எருவும் அதுதான்.

ஊரை ஒட்டிய ஓடைகளில் மலைச்சரிவு கறுப்பாக இருக்கும். அதுதான் ஸ்பித்தி ஷேல். கையில் எடுத்தால் அப்பளம் போல நொறுங்கும். நொறுங்கும் அந்தத் தூளுக்குள் அங்கங்கே கெட்டியான உருண்டைகள். எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை. வீட்டுக்கார அம்மாளின் மகன், பதினைந்து வயது இருக்கும், என்னை அழைத்துப்போனான். பத்து உருண்டையைத் தாண்டிப் போய், பதினோராவதில் நின்றான். ஏற்கெனவே வெயிலிலும் உறைபனியிலும் தானாகப் பிளந்து கிடந்தது. மேல்பாதியைத் தூக்கினான். உள்ளே சக்கரம். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வரும் சுருள், அதன் மேல் ஒரே சீரான வரிகள், ஒவ்வொரு வரியும் விளிம்புக்கு அருகில் இரண்டாகக் கிளைத்திருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தான். ஈரம் பட்டதும் சாம்பல் நிறம் மாறி, எங்கள் வீட்டுப் பூசையறைப் பெட்டிக்குள் இருக்கும் அதே கறுப்பு எழுந்தது. சுமார் 15 கோடி ஆண்டு.

அவன் மேல்பாதியைத் திரும்பப் பொருத்தி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தான். நீங்களும் அதையே செய்யுங்கள். ஊரில் சிலர் விற்பார்கள், வாங்காதீர்கள். எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று தெரியாத அம்மோனைட், அலமாரிப் பொம்மைதான். சுத்தியலும் வேண்டாம். வாங்கும் பணத்தை வழிகாட்டிக்குக் கூலியாகக் கொடுத்தால் அவன் இன்னும் நாலு இடம் காட்டுவான். துப்பாக்கித் தோட்டா போலக் கூரான சின்னக் கல்லுருளைகளும் கண்ணில் படும். கணவாய் மீனின் தூரத்து உறவான பெலம்னைட்டின் உட்பகுதி அது.

இந்தக் கற்களை 1860களில் நடந்து நடந்து பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு வேலைக்கு வந்தவர். நம் திருச்சி, அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைத்த அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் விரிவாக விவரித்தவரும் அவரே. யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் 1874இல் லடாக்கில் இறந்தபோது வயது 36. மலைநோய்தான் காரணம் என்று கருதப்படுகிறது. எத்தனையோ கணவாய்களை ஏறி இறங்கியவர். முந்தைய பகுதியில் நான் ஏன் அவ்வளவு நீட்டினேன் என்று இப்போது புரியும்.

லாங்சாவிலிருந்து இறங்கி, கீ மடத்தையும் கிப்பரையும் பார்த்துவிட்டுச் சிச்சம் பாலம் வரை போங்கள். பாலம் வருவதற்கு முன் ஊர்க்காரர்கள் கம்பியில் தொங்கும் தொட்டியில் உட்கார்ந்துதான் பள்ளத்தைக் கடந்தார்கள். 2017இல்தான் பாலம் வந்தது. கீழே ஓடை அறுத்திருக்கும் சாம்பல் சுவர் சுண்ணாம்புக்கல். ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலில் படிந்தது. லாங்சாவின் கறுப்புச் சேறு இதன் மேல் படிந்தது. அடுக்கில் கீழே உள்ளது மூத்தது என்ற ஒரே விதியைக் கையில் வைத்துக்கொண்டால், எதிர்மலையை நீங்களே படிக்கலாம். சிச்சம், கியுமல், மூத், குலிங் போன்ற ஊர்ப்பெயர்களெல்லாம் பாறைப் படிவங்களின் பெயராகவும் இருக்கின்றன. பஸ்ஸின் ஊர்ப்பலகை புவியியல் பாடம் மாதிரி இருக்கும்.

பின் பள்ளத்தாக்கு

நாள் போதவில்லை என்றால் சந்திரதால் ஏரியை விடுங்கள், இதை விடாதீர்கள். என் கருத்து, பலர் ஒப்பமாட்டார்கள்.

காஜாவுக்குச் சற்றுக் கீழே, அத்தர்குப் பாலத்தில் ‘பின்’ என்ற பெயருள்ள ஆறு ஸ்பித்தியில் சேர்கிறது. பாலத்தைத் தாண்டித் திரும்பியதும் மலைகள் வேறு வகை. அடுக்கு அடுக்கான சுண்ணாம்புக்கல், படுக்கையை உதறியது போல மடிந்து, வளைந்து, சில இடங்களில் தலைகீழாகவே கவிழ்ந்திருக்கிறது. கடலடியில் தட்டையாகப் படிந்த தரை இப்படி நிற்க எவ்வளவு நெருக்கியிருக்க வேண்டும் என்பதை இங்கே கண்ணாலேயே அளக்கலாம். மதியத்துக்குமேல் போங்கள், நிழல் விழுந்தால்தான் மடிப்பு தெரியும்.

குலிங் ஊரருகில் வண்டியை நிறுத்தி, உள்ளூர் வழிகாட்டியிடம் கறுப்புக் களிப்பாறை முடிந்து சாம்பல் சுண்ணாம்புக்கல் தொடங்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் ஒரு மெல்லிய பட்டை. சில விரற்கடைதான். அதைத் தெரியாமல் மிதித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். அதற்குக் கீழே உள்ளது பெர்மியன் காலம், மேலே உள்ளது டிரையாசிக். இடையே, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அற்றுப்போயின. பூமியில் நடந்த பேரழிவுகளில் இதுவே பெரியது. சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருகி, காற்றும் கடலும் சூடேறியதே காரணம் என்று இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். நான் அந்தப் பட்டையின் மேல் கைவைத்தேன். கீழ்ப்பாறையில் சுண்டுவிரல், மேல்பாறையில் கட்டைவிரல்.

சாலை முடியும் ஊர் மூத். எதிர்மலையில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் பட்டை ஒன்று நெடுக ஓடும். அது இந்த ஊரின் பெயரைக் கொண்ட மணற்பாறை. உலகப் புவியியலாளர்கள் டிரையாசிக் காலத்தின் ஒரு உட்பிரிவுக்கு எல்லைக்கல் நட இந்த ஊரின் பாறையையும் ஒரு வேட்பாளராக வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஊரில் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. பட்டாணி விலைதான் பேச்சு. இங்கே ஓர் இரவு தங்குங்கள். பின் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி 1987 முதல் தேசியப் பூங்கா. பனிச்சிறுத்தை இருக்கிறது, நீங்கள் பார்க்க மாட்டீர்கள். நீலாடுகள் சரிவில் நிற்பதைப் பார்க்கலாம், அவை அசையும் வரை பாறை என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

வெளியே வரும் வழி

காஜாவில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த பங்க் குன்சும் கணவாய்க்கு அப்பால் வெகுதூரத்தில். கணவாய்க்கு முன்னால் வரும் கடைசி ஊரான லோசர் தாண்டினால் சாலை என்ற சொல்லைத் தளர்வாகத்தான் பயன்படுத்த வேண்டும். குன்சும் கோயிலை வண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஓட்டுநர் இறங்குவார்.

கணவாய்க்கு அப்பால் பிரியும் பாதையில் சந்திரதால். ஏறத்தாழ 4,250 மீட்டரில், பனியாறு விட்டுப்போன மேட்டுக்குப் பின்னால் தேங்கிய நீர். 2005 முதல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை, சில கிலோமீட்டர் தள்ளித்தான் முகாம்கள். நீரில் இறங்கக்கூடாது. காலை ஏழு மணிக்குள் போனால் காற்று எழுந்திருக்காது, மலை முழுதும் நீரில் தெரியும். பத்து மணிக்குப் போனவர்கள் எங்களைப் பார்த்து, பெரிதாகச் சொன்னார்களே, இதுதானா என்றார்கள்.

பிறகு பட்டால், சத்ரு, அடல் சுரங்கம். 9.02 கிலோமீட்டர். அந்தப் பக்கம் மொட்டைச் சரிவு, இந்தப் பக்கம் வெளியே வந்தால் தேவதாரு மரங்களும் ஈரமும். மழைமறைவு என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகள் வண்டியில் இருந்தால் சுரங்கத்துக்குள் நுழையுமுன் எழுப்பிவிடுங்கள்.

கடைசியாக டிக்கெட் பற்றி. மணாலி சேரும் நாளுக்கும் ஊர் திரும்பும் ரயிலுக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் விட்டுப் பதிவு செய்யுங்கள். 2018இல் செப்டம்பர் கடைசியிலேயே கடும்பனி விழுந்து, லாஹௌல்-ஸ்பித்தியில் நூற்றுக்கணக்கானோர் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது. குன்சும் மூடிவிட்டதாக லோசரில் சொன்னால் வாதாடாதீர்கள். திரும்பிக் காஜா, தாபோ, கல்பா என்று வந்த வழியே இறங்குங்கள். போகும்போது தூங்கிவிட்ட வாங்து நைஸை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.